பயிற்சியிற் பொறுமை

முதலாந் தவணை தொடங்கியதும் நம் நாட்டுப் பாடசாலை மைதானங்கள் புத்துயிர் பெறுகின்றன. வெண்சுண்ணாம்பினால் ஓட்டப் பாதைகள் வரையப்படுகின்றன. மாணவர் இல்லங்களாகப் பிரிகின்றனர். இல்லச் சோடனைக்குக் குருத்தோலை வந்து சேருகின்றது. ஆண்டில் ஒன்பது பத்து மாதங்கள் வகுப்பறை வாங்கிலும், மாலையானால் ரியூட்டரி வாங்கிலும் அமர்ந்திருந்த பிள்ளைகள், மெய்வல்லுநர் போட்டிக்கு மூன்று கிழமைகள் இருக்கையிலே திடீரென ஓட்டத்தில் இறங்குகின்றனர். காலையில் மரதன் ஓட்டம், மாலையில் அஞ்சலோட்டம், இடையிலே நீளம் பாய்தல். முதற் கிழமை உற்சாகமாகக் கழிகின்றது. இரண்டாங் கிழமையிலே கணைக்காலில் ஒரு நோவு எழுகின்றது. "நோவைப் பார்த்தால் வெல்ல முடியுமா? ஓட ஓடச் சரிவந்துவிடும்" என்று அருகில் நிற்போர் சொல்லுகின்றனர். பிள்ளையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகின்றது. போட்டி நாளன்று அப்பிள்ளை மைதானத்தின் ஓரத்திலே காலை நீட்டியவாறு, பிறர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றது.

பெரியவர்களிடத்தும் இதே கதையைக் காணலாம். நாற்பது வயதைக் கடந்த ஒருவரிடம், "இரத்தத்திற் சீனி கூடியிருக்கின்றது, நாள்தோறும் நடவுங்கள்" என்று வைத்தியர் கூறுகின்றார். அவரோ மறுநாளே புதிய சப்பாத்து வாங்கி, விடியற்காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கத் தொடங்குகின்றார். பத்தாம் நாள், குதிக்காலை நிலத்தில் ஊன்ற முடியாமல் நோகின்றது. நடை நின்றுவிடுகின்றது, சீனி மட்டும் நிற்பதில்லை.

இவ்விருவருக்கும் நேர்ந்ததை நாம் தற்செயல் என்கின்றோம். காலத்தின் கோலம் என்கின்றோம். உண்மை அதுவன்று. பந்தாட்டத்திலே ஒருவரோடொருவர் மோதி எலும்பு முறிவது விபத்து. ஆனால் ஓட்டத்தாலும் நடையாலும் சிறுகச் சிறுக வந்து சேரும் காயம் விபத்தன்று. அது பெரும்பாலும் ஒரு கணக்குப் பிழை. உடல் தாங்கப் பழகிய சுமைக்கும், நாம் அதன்மேல் ஏற்றிய சுமைக்கும் இடையே ஏற்பட்ட பிழை. இக்கணக்கு எவ்வாறு பிழைக்கின்றது, அதனை எவ்வாறு திருத்தலாம் என்பதையே இன்று உங்களோடு ஆராய விரும்புகின்றேன்.

பண்டைக் கிரேக்கரிடையே ஒரு கதை வழங்கியது. கி. மு. ஆறாம் நூற்றாண்டிலே குரோட்டன் என்னும் நகரத்திலே மைலோ என்றொரு மல்லன் வாழ்ந்தான். ஒலிம்பிய விழாக்களிலே பன்முறை வாகை சூடியவன். அவன் இளங்கன்று ஒன்றை நாள்தோறும் தோளிலே தூக்கிச் சுமந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்தது. ஈற்றில், முழு எருதாகிய பின்னரும் அதனைச் சுமக்க வல்லவனானான். கதையில் மிகை இருக்கலாம். ஆயினும் பயிற்சி நூலின் முதல் விதி அதனுள்ளே அடங்கியிருக்கின்றது. மைலோ முதல் நாளே எருதைத் தூக்க முயலவில்லை.

தசையானாலும் எலும்பானாலும், வழமைக்குச் சற்று மேலான சுமை வரும்போது அதன் நுண்ணிய பகுதிகளிலே சிறு சிதைவுகள் உண்டாகின்றன. இதில் அஞ்ச வேண்டியது எதுவுமில்லை. பின்னர் வரும் ஓய்வு வேளையிலே, சிறப்பாக உறக்கத்திலே, உடல் அச்சிதைவுகளைச் செப்பனிடுகின்றது. முன்னிலும் சற்று உறுதியாகவே செப்பனிடுகின்றது. அவ்வேலை முடிந்தபின் அடுத்த சுமை வந்தால் உடல் வளரும். வேலை முடியுமுன்னே அடுத்த சுமையும், அதன்மேல் இன்னொன்றும் வந்துகொண்டிருந்தால், சிதைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து காயமாகி வெளிப்படும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று நாம் முயற்சிக்கு உதாரணமாகக் கூறுகின்றோம். அதே அடிகள் எலும்பின்மீது இடைவிடாது விழுந்தால் எலும்பும் வெடிக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

உடலின் உறுப்புக்கள் யாவும் ஒரே வேகத்திற் பழகிவிடுமாயின், இத்துணைச் சிக்கல் எழாது. இடர்ப்பாடு யாதெனில், அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்திற் பழகுகின்றன. இருதயமும் குருதியோட்டமும் விரைந்து பழகுவன. பயிற்சி தொடங்கிய ஓரிரு கிழமைகளிலேயே குருதியின் அளவு கூடுகின்றது. முன்பு மூச்சு வாங்கிய தூரம் இப்போது எளிதாகத் தோன்றுகின்றது. தசைகளும் சில கிழமைகளில் வலிமை காட்டுகின்றன. தொடக்கத்திலே காணும் அவ்வலிமை பெரிதும் நரம்புகள் தசைகளை ஒருங்கே இயக்கப் பழகியதனால் வருவது. ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் குருதியோட்டம் குறைந்தவை. அவை உறுதிபெற மாதக்கணக்காகும். எலும்புக்கும் அவ்வாறே மாதங்கள் வேண்டும். எனவே, மூச்சு "இன்னும் ஓடு" என்று சொல்லும்போது, எலும்பு "சற்றுப் பொறு" என்று சொல்லுகின்றது. மூச்சின் குரல் உரக்கக் கேட்கின்றது. எலும்பின் குரலோ காலந்தாழ்த்தியே நம் செவிக்கு எட்டுகின்றது.

எலும்பின் இவ்வியல்பை மருத்துவ உலகம் முதலிற் படைவீரரின் கால்களிலேதான் கண்டது. 1855 ஆம் ஆண்டிலே பிரைட்ஹவுப்ட் என்னும் பிரசிய இராணுவ வைத்தியர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர் சிலருக்குப் பாதம் வீங்கி நோவதைக் கண்டு விவரித்தார். அடியும் இல்லை, வீழ்ச்சியும் இல்லை. ஆயினும் கால் ஊன்ற முடியவில்லை. 1895 இல் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1897 இலேயே அவ்வீக்கத்தின் காரணம் படத்திலே தெரிந்தது. பாதத்து எலும்புகளில் மெல்லிய வெடிப்புக்கள் இருந்தன. இன்றும் இதனை அணிநடை முறிவு என்றும், தகைப்பு முறிவு என்றும் வழங்குவர்.

எலும்பு உயிரற்ற கல்லன்று. தன்மேல் விழும் சுமைக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்வது. இதனை ஜெர்மானியச் சத்திர வைத்தியரான ஜூலியஸ் வோல்ஃப் 1892 ஆம் ஆண்டிலே ஒரு விதியாகவே வகுத்தார். ஆனால் அது புதுப்பிக்கப்படும் முறையை நாம் நன்கு கவனித்தல் வேண்டும். பழைய வீட்டுச் சுவரைப் புதுப்பிக்கும் மேசன், முதலிற் பழுதடைந்த பகுதியை இடித்துவிட்டே புதிய கல்லை வைக்கின்றான். எலும்பும் அவ்வாறே. முதலிலே பழைய பகுதி கரைக்கப்படுகின்றது. பின்னரே புதியது படிகின்றது. இடிக்கும் வேலை சில கிழமைகளில் முடியும். கட்டும் வேலைக்கு மூன்று நான்கு மாதங்கள் செல்லும். ஆகவே, கடும் பயிற்சி தொடங்கி மூன்றாம் நான்காம் கிழமைகளிலே, எலும்பு முன்னிருந்ததிலும் சற்று நலிந்திருத்தல் கூடும். நம் பாடசாலைகளிலே போட்டி நடைபெறுவதும் பெரும்பாலும் அக்கிழமைகளிலேயே என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, முன்னதாகத் தொடங்குதல். மூன்று கிழமைக்குப் பதிலாகப் பத்துப் பன்னிரண்டு கிழமைகளுக்கு முன்பே, மூன்றாந் தவணையின் இறுதியிலேயே, கிழமைக்கு மூன்று நாள் மெல்லோட்டமும் எளிய தசைப் பயிற்சியும் தொடங்கலாம். இதற்குப் பெரிய மைதானமோ செலவோ வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒன்றையே கூட்டுதல். தூரம், வேகம், நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் ஒரே கிழமையிற் கூட்டலாகாது. எவ்வளவு கூட்டலாம் என்று கேட்பீர்கள். கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேற் கூட்டலாகாது என்றொரு விதி ஓட்டக்காரரிடையே வழங்குகின்றது. நல்ல எச்சரிக்கைதான், எனினும் அதனை மந்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. நெதர்லாந்து நாட்டிலே புதிதாக ஓடத் தொடங்கிய ஐந்நூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பெற்று, 2008 இல் வெளியான ஆய்விலே, இவ்விதிப்படி பதின்மூன்று கிழமை பயின்றோரும், வழமையான எட்டுக் கிழமைத் திட்டத்தின்படி பயின்றோரும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே காயமுற்றனர். எண் ஒன்றை மட்டும் நம்பியிருந்தாற் போதாது. ஒவ்வொருவரும் தத்தம் உடல் தரும் மறுமொழியைக் கவனித்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் கொள்ளத்தக்க பாடம். மறுநாட் காலையில் எழுந்து நடக்கும்போது கால் எவ்வாறிருக்கின்றது என்று பாருங்கள். நோவு இல்லையேல் மேலே செல்லலாம். சிறிது இருந்தால் அதே அளவில் நிற்கலாம். கூடியிருந்தாற் குறைக்க வேண்டும். மூன்று கிழமை கூட்டியபின் நான்காங் கிழமையிற் சற்றுத் தளர்த்துவதும் நல்ல வழக்கம்.

பொறுமையின் பயனுக்கு நம்மிடையே சான்று உண்டு. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலிலே 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கியிலும், 1956 ஆம் ஆண்டு மெல்பேணிலும் ஒலிம்பிக் போட்டிகளிற் பங்குபற்றினார். 1958 ஆம் ஆண்டிலே டோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதலாவது தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். முதல் ஒலிம்பிக் போட்டிக்கும் அத்தங்கத்துக்கும் இடையே ஆறு ஆண்டுகள் உள்ளன. ஆறு ஆண்டு உழைப்பிலே கனிந்ததை நாம் மூன்று கிழமையிற் பறிக்க முயலுகின்றோம்.

அடுத்து, பயிற்சிக்கு முன் உடலைச் சூடாக்குதல் பற்றிச் சில வார்த்தைகள். ஓடுமுன் நின்ற இடத்திலே குனிந்து காலைத் தொட்டுத் தசைகளை இழுத்துப் பிடிப்பதே ஆயத்தம் என்று நெடுங்காலம் நம்பினோம். அவுஸ்திரேலிய இராணுவத்திலே புதிதாகச் சேர்ந்த 1538 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று, 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவ்வாறு தசையை இழுத்துப் பிடித்தலாற் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவிற் குறையவில்லை என்று காட்டியது. அப்பயிற்சி தீங்கானதன்று, மூட்டுக்கள் நன்கு மடங்கவும் நீளவும் உதவும். ஆனால் அதுவே காப்பு ஆகாது.

காப்பளிப்பது வேறொன்று. நோர்வே நாட்டிலே பதின்மூன்று முதற் பதினேழு வயதுவரையான உதைபந்தாட்டப் பெண்பிள்ளைகள் 1892 பேர் பங்குகொண்ட ஆய்வொன்று 2008 இல் வெளியாயிற்று. மெல்லோட்டம், தொடை இடுப்பு வயிற்றுத் தசைகளுக்கான பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்றல், பாய்ந்து சரிவர ஊன்றுதல் ஆகியவை அடங்கிய இருபது நிமிடப் பயிற்சியை ஒரு சாரார் ஒழுங்காகச் செய்துவந்தனர். அவர்களுக்கு நேர்ந்த காயங்கள், செய்யாதோரினும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாயின. இப்பயிற்சியின் நுட்பம் எளியது. பாய்ந்து நிலத்தில் ஊன்றும்போது முழங்கால்கள் உட்புறமாகச் சரியாமல், பாதத்துக்கு நேரே மடங்கவேண்டும். ஆசிரியர் முன்னின்று இதைப் பார்த்துத் திருத்தலாம்.

விரைவோட்டக்காரருக்கும் பந்தாட்டக்காரருக்கும் தொடையின் பின்புறத் தசை அடிக்கடி கிழிவதுண்டு. அதற்கென ஒரு பயிற்சி உண்டு. முழந்தாளிட்டு நிமிர்ந்திருக்க வேண்டும். தோழர் ஒருவர் பின்னாலிருந்து கணுக்கால்களை நிலத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முதுகையும் இடுப்பையும் வளைக்காமல், உடலை மிக மெதுவாக முன்னோக்கிச் சாய்த்து, தாங்க முடியாத நிலையிற் கைகளை ஊன்றிக்கொள்ள வேண்டும். 942 பந்தாட்டக்காரர் பங்குகொண்டு 2011 இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றிலே, இதனைப் பயின்றோரிடையே அத்தசைக் காயங்கள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. இதனையும் படிப்படியாகவே தொடங்க வேண்டும். முதல் நாள் நான்கைந்து முறை போதும்.

இனி, நோவுகளை வேறுபடுத்தி அறியும் வகையைச் சொல்லுவேன். பழக்கமில்லாத பயிற்சி செய்த மறுநாள், இரு கால்களிலும் தசை முழுவதும் பரந்து ஒரு நோவு தோன்றும். இரண்டு மூன்று நாளிற் குறையும். இது இயல்பானது. ஆனால் ஒரு காலில் மட்டும், ஒரு விரலாற் சுட்டிக் காட்டத்தக்க ஓரிடத்தில், அதுவும் எலும்பின்மேல் நோவதானால், அதனைப் பாராமுகமாக விடலாகாது. ஓட ஓடக் கூடும் நோவு, நொண்ட வைக்கும் நோவு, இரவில் உறக்கத்தைக் கலைக்கும் நோவு ஆகியவை "நிறுத்து" என்னும் கட்டளைகள். தகைப்பு முறிவு தொடக்கத்தில் எக்ஸ் கதிர்ப் படத்திலும் தெரியாமற் போகலாம். படம் நன்றாயிருக்கின்றது என்பதனால் மட்டும் பிள்ளையை மீண்டும் ஓடவிடுதல் தகாது. காலத்தில் நிறுத்தினால் ஆறு முதல் எட்டுக் கிழமைகளிற் பெரும்பாலும் குணமாகும். பிடிவாதமாக ஓடினால் வெடிப்பு முழு முறிவாகலாம்.

கணுக்கால் சுளுக்கினால் என் செய்வது? நம் வீடுகளிலே உடனே எண்ணெயைச் சூடாக்கி உருவிவிடுவது வழக்கம். முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதைத் தவிர்த்தல் நன்று. சூடும் உருவுதலும் உள்ளே கசியும் குருதியையும் வீக்கத்தையும் கூட்டும். காலை உயர்த்தி வைத்து, துணிப்பட்டியால் அளவாகச் சுற்றி, நோகச் செய்யும் அசைவுகளைத் தவிர்க்க வேண்டும். ஓய்வும் பனிக்கட்டியும் என்ற முறையை 1978 இல் எழுதிப் பரப்பிய அமெரிக்க வைத்தியர் மேர்கின் அவர்களே, நீண்ட ஓய்வும் பனிக்கட்டியும் குணமாதலைத் தாமதிக்கச் செய்யக்கூடும் என்று 2014 இல் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். பனிக்கட்டி நோவைத் தணிக்க உதவும். சிறிது நேரம் துணியிற் சுற்றி வைக்கலாம். ஓரிரு நாளின்பின், நோவு தாங்குமளவுக்கு மெல்ல மெல்ல அசைக்கத் தொடங்குவதே நல்லது. ஆனால் நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிடினும், கணுக்கால் மொழி எலும்பை அழுத்தும்போது கடுமையாக நொந்தாலும், முதலில் வைத்தியசாலைக்குச் சென்று முறிவு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முறிவு நெரிவு வைத்தியரிடம் செல்ல விரும்புவோரும் படம் எடுத்தபின் செல்லுதல் அறிவுடைமை.

நம் நாட்டு வெப்பத்தையும் மறத்தலாகாது. காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது வியர்வை எளிதில் உலராது. உடலின் சூடு தணியாது. வெயிலிற் பயில உடல் பழகுவதற்குப் பத்து முதற் பதினான்கு நாட்கள் செல்லும். நெடுந்தூர ஓட்டங்களை விடியற்காலையில் வைப்பதும், நிழலும் நீரும் ஆயத்தமாக வைப்பதும் நடத்துவோர் கடமை. ஓடும் பிள்ளை தள்ளாடினாலோ, தொடர்பின்றிப் பேசினாலோ, மயங்கினாலோ உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுவதும் குளிர்நீர் ஊற்றி, விசிறிக் குளிர்விக்க வேண்டும். வாகனத்தை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமற் குளிர்வித்தலைத் தொடங்குதல் உயிர் காக்கும்.

உணவின்றிச் செப்பனிடும் வேலை நடவாது. காலையில் வெறும் தேநீரோடு மைதானத்துக்கு வரும் பிள்ளைக்கு எலும்பு எங்கிருந்து உறுதி பெறும்? சோறு, பயறு, பருப்பு, முட்டை, சிறுமீன், கீரை என்பன போதும். விலையுயர்ந்த மாவகைகள் வேண்டியதில்லை. பயிலும் பெண்பிள்ளைக்கு மாதவிடாய் மாதக்கணக்காக நின்றுவிடுமாயின், அது உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லை என்பதற்கு அறிகுறியாகலாம். எலும்பு நலிவதற்கும் அது முன்னறிவிப்பு. தாய்மார் கூச்சமின்றிக் கேட்டறிந்து வைத்தியரை நாட வேண்டும்.

இனி, தொடக்கத்திற் சொன்ன பெரியவரிடம் மீளுவோம். வளர்ந்தோர் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உழைப்பும், இரண்டு நாட்களுக்குக் குறையாமல் தசைப் பயிற்சியும் செய்யவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. இது சேருமிடம், புறப்படுமிடமன்று. முதற் கிழமை நாளுக்குப் பத்து நிமிடம் நடந்தாற் போதும். பின்னர் கிழமைக்கு ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டலாம். பேச முடியவேண்டும், ஆனாற் பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே மிதமான வேகத்தின் அளவு. கதிரையிலிருந்து கையூன்றாமற் பத்து முறை எழுந்து அமர்தல், படியில் நின்று குதிக்காலை உயர்த்தித் தாழ்த்துதல் ஆகியவை வீட்டிலேயே செய்யத்தக்க தசைப் பயிற்சிகள். நீரிழிவுள்ளோர் காலில் உணர்ச்சி குன்றியிருக்கலாமாதலால், வெறுங்காலுடன் நடவாது, நாள்தோறும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடக்கையில் நெஞ்சை இறுக்கும் நோவோ, அளவுக்கு மீறிய இளைப்போ வந்தால் உடனே நின்று வைத்திய உதவியை நாட வேண்டும்.

நேயர்களே, மிளகாய்க் கன்றை நடும் கமக்காரன் நட்ட அன்றே காய்பறிக்க எண்ணுவதில்லை. கன்று வேர்கொள்ளும்வரை நிழல் கொடுக்கின்றான். அளவறிந்து நீர் பாய்ச்சுகின்றான். நம் பிள்ளைகளின் கால்களுக்கும் அத்துணைப் பொறுமையையாவது நாம் காட்டுதல் தகும். அடுத்த முறை ஒரு பிள்ளை மைதானத்திலிருந்து வந்து "கால் நோகின்றது" என்று சொல்லும்போது, "ஓட ஓடச் சரிவரும்" என்று சொல்லிவிடாதீர்கள். எந்த இடத்தில், எப்போது தொடங்கியது என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வியினால் அப்பிள்ளை போட்டி நாளன்று மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்திராமல், ஓட்டப் பாதையிலே நிற்கக்கூடும்.